பழைய ஹார்ட் டிஸ்க்கை எடைக்குப் போடுவதற்கு முன்

(சென்ற மாதம் நம் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாதவர்களுக்காக, கேள்வி நேரத்தில் சொன்ன பதில்களையும் இடையிடையே சேர்த்திருக்கிறேன்.)



போன காலாண்டில் சங்க அலுவலக வாசலில் மின்கழிவுப் பெட்டி வைத்தோம். பழைய சார்ஜர், செத்துப்போன ரிமோட், மிக்ஸி மோட்டார், ஊதிப்போன பேட்டரி என்று பெட்டி இரண்டு வாரத்தில் நிரம்பியது. அனுப்புவதற்கு முன் தரம் பிரித்தபோது அதில் 14 ஹார்ட் டிஸ்க்குகள் இருந்தன. ஒன்று நம் சங்கத்துடையதே. சிசிடிவி டிவிஆர் மாற்றியபோது கழற்றியது. நம் கேட்டில் யார் எத்தனை மணிக்கு வந்தார், யார் வீடு எத்தனை நாள் பூட்டிக் கிடந்தது என்பதெல்லாம் அதில் இருக்கிறது.

செயற்குழுவில் இதைச் சொன்னதும் ஒருவர், "ஒரு காந்தத்தை மேலே வைத்துவிட்டால் எல்லாம் அழிந்துவிடும் சார்" என்றார். இன்னொருவர், "நான் எல்லாவற்றையும் டெலீட் பண்ணிவிட்டுத்தான் போட்டேன்" என்றார். இந்த இரண்டும் நம்மில் முக்கால்வாசிப் பேர் நம்புகிற விஷயங்கள். இவை சரியா என்று பார்க்க வேண்டுமானால், இரும்புக்கும் அதன் கூட்டாளி உலோகங்களுக்கும் இருக்கிற ஒரு விசித்திரமான குணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆங்கிலத்தில் அதற்கு ஹிஸ்டெரிசிஸ் என்று பெயர். நம் பிளஸ் டூ புத்தகங்களில் காந்தத் தயக்கம் என்று எழுதியிருப்பார்கள்.

பி.காம் படித்து வங்கியில் கிளார்க்காக ஓய்வு பெற்றவனுக்கு இது எதற்கு என்று நினைப்பீர்கள். எங்கள் கவுண்டரில் இது தினமும் நடந்தது. உங்கள் செக் புத்தகத்தை எடுத்து, காசோலையின் அடியில் இருக்கும் வெள்ளைப் பட்டையைப் பாருங்கள். கோணலும் மாணலுமான எழுத்துருவில் எண்கள் இருக்கும். அதில் ஒன்பது இலக்கம் கொண்ட ஒரு பகுதி மைக்கர் கோட். முதல் மூன்று ஊரைச் சொல்லும், சென்னைக்கு 600. அடுத்த மூன்று வங்கி, கடைசி மூன்று கிளை. அந்த மையில் இரும்பு ஆக்சைடு கலந்திருக்கிறது. இயந்திரம் செக்கை இழுத்தவுடன் முதலில் ஒரு காந்தத்தைத் தாண்டி ஓட்டும். மை காந்தமாகிவிடும். அடுத்த கணம் அந்த எண்கள் ஒரு ஹெட்டைத் தாண்டிப் போகும்போது, ஒவ்வொரு எண்ணும் தன் வடிவத்துக்கு ஏற்ப ஒரு மின் சைகையைத் தரும். பட்டை மேல் எங்கள் ரப்பர் ஸ்டாம்ப் விழுந்திருந்தாலும் காந்த ஹெட் எண்களைப் படித்துவிடும், ஸ்டாம்ப் மையில் இரும்பு கிடையாதே!

இதில் கவனிக்க வேண்டியது, முதல் காந்தம் விலகிய பிறகும் மையில் காந்தம் மிச்சம் இருக்கிறது என்பது. விலகிய மறுகணமே மறைந்துவிட்டால் ஹெட்டுக்குப் படிக்க எதுவும் இருக்காது.

கணக்குப் பாஷையில் சொல்கிறேன். ஒரு தப்பான என்ட்ரி போட்டுவிட்டால் அதே தொகைக்கு எதிர் என்ட்ரி போடுவோம், இருப்பு பூஜ்யமாகிவிடும். இரும்பின் லெட்ஜர் அப்படி வேலை செய்வதில்லை. வெளியிலிருந்து 100 அளவுக்குக் காந்தப்புலம் கொடுத்தோம், இரும்பு முழுக்கக் காந்தமானது. பிறகு கொடுத்த 100ஐயும் திரும்ப எடுத்துவிட்டோம். இருப்பு பூஜ்யத்துக்கு வராமல் 80 அளவில் நின்றுவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த மிச்சம்தான் செக் மையில் படிக்கப்படுவது. அதைப் பூஜ்யமாக்க வேண்டுமானால் எதிர்த்திசையில் தனியாக ஒரு புலம் கொடுக்க வேண்டும். எவ்வளவு கொடுத்தால் பூஜ்யமாகிறதோ, அதுதான் அந்தப் பொருளின் பிடிவாதத்தின் அளவு. காந்த நீக்குத்திறன் என்பது அதன் பாடப்புத்தகப் பெயர். நான் பிடிவாதம் என்றே சொல்லப் போகிறேன், உங்களுக்கும் சுலபம், எனக்கும் சுலபம்.

எதிர்த்திசையில் இன்னும் அதிகமாகக் கொடுத்தால் அந்தப் பக்கமாக முழுக்கக் காந்தமாகும். திரும்ப இந்தப் பக்கம் கொண்டு வந்தால், போன பாதையில் வராமல் வேறு பாதையில் வரும். கிராஃப் தாளில் வரைந்தால் போகிற கோடும் வருகிற கோடும் சேர்ந்து ஒரு வளையம் கிடைக்கும். ஒரு சுற்றுக்கு எவ்வளவு சக்தி வெப்பமாக வீணாகிறது என்பதை அந்த வளையத்தின் பரப்பு சொல்லிவிடும். நம் தெரு முனை டிரான்ஸ்பார்மரின் இரும்பு இந்த வளையத்தை வினாடிக்கு 50 முறை சுற்றுகிறது. அதனால்தான் அதற்கு சிலிக்கான் கலந்த, பிடிவாதமே இல்லாத எஃகைப் போடுகிறார்கள். வளையம் எவ்வளவு ஒல்லியாக இருக்கிறதோ அவ்வளவு மின்சாரம் மிச்சம்.

இந்தப் பெயரை வைத்தவர் ஜேம்ஸ் ஆல்ஃபிரட் யூயிங் என்ற ஸ்காட்லாந்துக்காரர். 1878லிருந்து 1883 வரை டோக்கியோவில் பேராசிரியராக இருந்தார். அங்கே இருந்தபோதுதான் 1880களின் தொடக்கத்தில் இதை ஆராய்ந்து, பின்தங்குதல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து ஹிஸ்டெரிசிஸ் என்ற பெயரை எடுத்தார். ஜப்பானில் நிலநடுக்கத்தை அளக்கும் கருவிகளையும் அவர் அந்தக் காலத்திலேயே செய்திருக்கிறார். அது வேறு கதை.

இப்போது எண்களுக்கு வருவோம். பிடிவாதத்தை ஆர்ஸ்டெட் என்ற அலகில் சொல்வது வழக்கம். சென்னையில் பூமியின் காந்தப்புலம் சுமார் 0.4 ஆர்ஸ்டெட். டிரான்ஸ்பார்மர் எஃகின் பிடிவாதம் 1 ஆர்ஸ்டெட்டுக்கும் குறைவு. ஹோட்டல் அறைச் சாவியாகத் தருகிறார்களே, அந்த மாதிரி மலிவான கார்டுகளின் காந்தப் பட்டைக்கு சுமார் 300. அதனால்தான் அவை சில சமயம் பர்ஸின் காந்தப் பட்டனோடு உரசியே கெட்டுப்போகின்றன. வங்கிக் கார்டுகளின் கறுப்புப் பட்டைக்கு 2,750 முதல் 4,000 வரை. (பட்டை மட்டும் உள்ள கார்டுகளை 2018 டிசம்பர் 31க்குள் சிப் கார்டாக மாற்றச் சொல்லி ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. பிடிவாதம் போதவில்லை என்பதற்காக இல்லை. பட்டையில் இருப்பதை யார் வேண்டுமானாலும் படித்து நகல் எடுக்கலாம் என்பதற்காக.) ஹார்ட் டிஸ்க் தட்டின் பிடிவாதம் சுமார் 5,000.

ஃபிரிட்ஜில் ஒட்டுகிற காந்தத்தின் புலம் பெரும்பாலும் 100 ஆர்ஸ்டெட்டைத் தாண்டாது. அதுவும் ஒட்டிய இடத்தில்தான். கொஞ்சம் விலகினாலே மளமளவென்று குறைந்துவிடும். 5,000 கேட்கிற இடத்தில் 100 கொண்டுபோய் நின்றால் என்ன நடக்கும்? ஒன்றும் நடக்காது. என்னிடமிருந்த பழைய 80 ஜிபி டிஸ்க்கின் மேல் நான்கு ஃபிரிட்ஜ் காந்தங்களை ராத்திரி முழுவதும் வைத்துப் பார்த்தேன். காலையில் எல்லாக் கோப்புகளும் திறந்தன.

அதைவிட வேடிக்கை, ஹார்ட் டிஸ்க்கைத் திறந்தால் உள்ளேயே ஒரு பலமான நியோடிமியம் காந்தம் இருக்கிறது. ஹெட்டைத் தாங்கும் கையை அசைக்கிற மோட்டாருக்காக வைத்தது. விரலை நசுக்கிவிடும் அளவுக்குப் பலம். தகவல் இருக்கிற தட்டுக்குப் பக்கத்திலேயே வருடக்கணக்காகக் குடியிருக்கிறது, ஒரு எழுத்தும் அழிவதில்லை. உள்ளே இருக்கிற காந்தத்துக்கே மசியாதது நாம் வெளியே வைக்கிற காந்தத்துக்கா மசியும்?

கூட்டத்தில் ஒரு அம்மா கேட்டார்: "பழைய கலர் டிவி பக்கத்தில் பசங்க ஸ்பீக்கர் காந்தத்தைக் கொண்டுபோனால் மூலையில் பச்சையும் ஊதாவுமாக ஆகிவிடுமே, பிறகு தானாகச் சரியாகிவிடுமே, அது எப்படி?" நல்ல கேள்வி. டிவியை ஆன் செய்ததும் "டொய்ங்" என்று ஒரு சத்தம் வரும், ஞாபகம் இருக்கிறதா? படக்குழாயைச் சுற்றியிருக்கும் சுருளில் மாறுதிசை மின்சாரம் பலமாகப் பாய்ந்து, ஒன்றிரண்டு வினாடியில் படிப்படியாகக் குறையும். உள்ளே இருக்கிற உலோகத் தகடு அந்த வளையத்தைச் சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் வளையம் முந்தையதைவிடச் சின்னதாகி, கடைசியில் பூஜ்யப் புள்ளியில் வந்து அடங்கிவிடும். காந்தத்தைப் போக்குவதற்கு இது பழைய, நம்பகமான வழி. டிகாஸர் என்று விற்கிற இயந்திரங்களும் பலமான புலத்தால்தான் அழிக்கின்றன. தட்டின் பிடிவாதத்தைவிடப் புலம் அதிகமாக இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. ஹார்ட் டிஸ்க்குக்கான டிகாஸர்கள் 10,000 ஆர்ஸ்டெட்டுக்கு மேல் தருகின்றன. அதில் போட்ட டிஸ்க் திரும்ப வேலை செய்யாது. ஹெட் வழி கண்டுபிடிப்பதற்காகத் தொழிற்சாலையில் எழுதிய குறிகளும் சேர்ந்து அழிந்துவிடும்.

இனி நான் படித்து வியந்த பகுதி. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

ஹார்ட் டிஸ்க்குக்குள் இரண்டு விதமான காந்தப் பொருள்கள் வேண்டும். எழுதியதை வைத்துக்கொள்கிற தட்டு பிடிவாதக்காரனாக இருக்க வேண்டும். எழுதியதைப் படிக்கிற ஹெட்டோ சொன்னதும் திரும்புகிறவனாக இருக்க வேண்டும். முந்தைய பிட்டின் ஞாபகம் அதில் ஒட்டிக்கொண்டிருந்தால் அடுத்த பிட்டைத் தப்பாகப் படித்துவிடும். இந்த இரண்டு குணத்தையும் வேண்டிய அளவுக்கு வரவழைக்கிற வித்தைதான் மெல்லிய அடுக்குகள். ஒரு உலோகத்தின் மேல் இன்னொன்று, அதன் மேல் மற்றொன்று, ஒவ்வொன்றும் சில நானோமீட்டர் தடிமன். ஒரு காகிதத்தின் தடிமன் சுமார் 1 லட்சம் நானோமீட்டர். உங்கள் நகம் ஒரு வினாடியில் ஏறக்குறைய 1 நானோமீட்டர் வளர்கிறது. இப்போது மனதில் அளவு வந்திருக்கும்.

1956ல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் ஆராய்ச்சிக் கூடத்தில் மெய்க்கிள்ஜான், பீன் என்ற இருவர், மேலே ஆக்சைடு பூத்த நுண்ணிய கோபால்ட் துகள்களைக் காந்தப்புலத்தில் வைத்துக் குளிரவைத்தார்கள். வளையத்தை அளந்தபோது அது நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக நகர்ந்திருந்தது. கோபால்ட் ஆக்சைடில் அடுத்தடுத்த அணுக்களின் காந்தங்கள் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் நிற்பதால் மொத்தத்தில் அதற்குக் காந்தம் இல்லை. வெளிக்காந்தம் அதைப் பிடித்துத் திருப்ப முடியாது. அதோடு ஒட்டியிருக்கும் கோபால்ட்டையும் அது தன் பக்கமே இழுத்து வைத்துக்கொள்கிறது. அதே வருடம் ஐபிஎம் நிறுவனம் ராமாக் என்ற முதல் ஹார்ட் டிஸ்க் இயந்திரத்தை வெளியிட்டது. 24 அங்குல விட்டத்தில் 50 தட்டுகள், 50 லட்சம் எழுத்துகள். இன்று ஒரு செல்போன் புகைப்படத்துக்குச் சரியாக இருக்கும். நகர்ந்த வளையமும் இந்த இயந்திரமும் பின்னால் ஒரே பெட்டிக்குள் வந்து சேரும் என்று அன்று யாரும் நினைத்திருக்க வாய்ப்பில்லை.

1988ல் இன்னொரு திருப்பம். பிரான்ஸில் ஓர்சே பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் ஃபெர்ட்டின் குழு, 3 நானோமீட்டர் இரும்பு, 0.9 நானோமீட்டர் குரோமியம் என்று மாற்றி மாற்றி 60 தடவை அடுக்கியது. ஜெர்மனியில் யூலிஷ் ஆராய்ச்சி மையத்தில் பீட்டர் குரூன்பெர்க், தனியாக, இரும்பு, குரோமியம், இரும்பு என்று மூன்றே அடுக்கு போட்டார். நடுவிலிருக்கும் குரோமியம் காரணமாக, பக்கத்துப் பக்கத்து இரும்பு அடுக்குகள் எதிரெதிர்த் திசையில் காந்தமாகி நிற்கின்றன. வெளியிலிருந்து புலம் கொடுத்து எல்லாவற்றையும் ஒரே திசைக்குத் திருப்பினால் மின்தடை குறைகிறது. ஃபெர்ட்டின் அடுக்கில், ஹீலியத்தின் கடுங்குளிரில், தடை ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. குரூன்பெர்க்கின் மூன்று அடுக்கில், அறை வெப்பத்தில், 1.5 சதவீதம்தான். ஆனால் இதன் பயன் என்ன என்று உடனே புரிந்துகொண்டு காப்புரிமைக்கு விண்ணப்பித்தவர் குரூன்பெர்க். 2007ல் இருவருக்கும் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

தடை ஏன் குறைகிறது? எலக்ட்ரான்களில் இரண்டு வகை உண்டு, சுழற்சியின் திசையை வைத்து. அவற்றை ஏ டோக்கன், பி டோக்கன் வைத்திருக்கும் வாடிக்கையாளர்களாக நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் இரண்டு கவுண்டர்களை வரிசையாகத் தாண்ட வேண்டும். இரண்டு கிளார்க்குகளும் ஏ டோக்கனைச் சட்டென்று அனுப்பி பி டோக்கனை இழுத்தடிப்பவர்கள் என்றால், ஏ டோக்கன்காரர்களாவது ஓடிப் போய்விடுவார்கள். கூட்டம் நகரும். முதல் கிளார்க் ஏ பக்கம், இரண்டாமவர் பி பக்கம் என்றால் எல்லாருமே ஏதாவது ஒரு இடத்தில் மாட்டிக்கொள்வார்கள். அடுக்குகள் ஒரே திசையில் இருந்தால் முதல் நிலைமை, எதிரெதிராக இருந்தால் இரண்டாவது.

ஆனால் அந்த அடுக்குகளைத் திருப்ப ஆயிரக்கணக்கான ஆர்ஸ்டெட் வேண்டியிருந்தது. டிஸ்க்கில் இருக்கும் ஒரு பிட்டின் பலவீனமான புலத்துக்கு அது அசையாது. 1991ல் ஐபிஎம்மில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். இரண்டு காந்த அடுக்குகளுக்கு நடுவே சுமார் 2 நானோமீட்டர் செம்பு. ஒன்றை, 1956ல் பார்த்த அந்த இழுத்துப் பிடிக்கிற பொருளோடு ஒட்டி அசையாமல் நிறுத்திவிட்டார்கள். மற்றது சுதந்திரமாகத் திரும்பும். டிஸ்க் தட்டின் பிட் கடந்து போகும்போது சுதந்திர அடுக்கு மட்டும் திரும்பும், தடை மாறும், அதுவே ஒன்று, பூஜ்யம். கிராஃபில் பார்த்தால் இரண்டு வளையங்கள்: பூஜ்யத்தின் மேலேயே ஒல்லியாக ஒன்று, வெகு தூரம் தள்ளி மற்றொன்று. ஒரே துண்டுக்குள் பிடிவாதக்காரனும் சொல்பேச்சுக் கேட்பவனும். ஸ்பின் வால்வ் என்று இதற்குப் பெயர். 1997 கடைசியில் ஐபிஎம் இந்த ஹெட்டோடு 16.8 ஜிபி டிஸ்க்கை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பத்து வருடத்துக்குள் செம்புக்குப் பதிலாக மின்சாரம் கடத்தாத படலம் வைத்த, இன்னும் நுட்பமான ஹெட்கள் வந்துவிட்டன.

படிப்பது சுலபமானதும் பிட்டைச் சின்னதாக்கினார்கள். அங்கே இன்னொரு தொல்லை. தட்டின் காந்தப் படலம் நுண்ணிய பருக்கைகளால் ஆனது. பருக்கை ரொம்பச் சிறியதானால் அறையின் வெப்பமே அதைப் புரட்டிவிடும், எழுதியது தானாக மறந்துபோகும். 2001ல் ஐபிஎம், இரண்டு காந்த அடுக்குகளுக்கு நடுவே மூன்றே அணு தடிமனில் ருதேனியம் என்ற உலோகத்தை வைத்து ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளச் செய்தது. அதற்கு தேவதைத் தூள் என்று செல்லப்பெயர் வைத்தார்கள். பிறகு, பிட்டுகளைப் படுக்கவைப்பதற்குப் பதில் நிற்கவைத்தார்கள். ஜப்பானின் இவாசாகி 1970களிலேயே சொன்ன யோசனை அது, கடைக்கு வந்தது 2005ல். இப்போது வருவதில் இரும்பும் பிளாட்டினமும் கலந்த படலம். சாதாரண வெப்பத்தில் எதற்கும் அசையாத அளவு பிடிவாதம். எழுதும் நொடியில் மட்டும் லேசரால் அந்தப் புள்ளியை 400 டிகிரிக்கு மேல் சூடாக்கிப் பிடிவாதத்தைத் தளர்த்தி எழுதுகிறார்கள். 2024ல் சீகேட் இந்த முறையில் 30 டிபி டிஸ்க்கை அறிவித்தது. இந்த ரகத்துக்குச் சாதாரண டிகாஸரே போதாது.

ஆக, இத்தனை வருட ஆராய்ச்சியும் அந்தத் தட்டு மறக்காமல் இருப்பதற்காகச் செய்தது. அதைத்தான் நாம் கிலோ கணக்கில் காயலான் கடைக்குப் போடுகிறோம்.

இனி, "டெலீட் பண்ணிவிட்டேன்" என்றவரின் கட்சி. லெட்ஜரில் முதல் பக்கம் இன்டெக்ஸ் இருக்கும், யார் கணக்கு எத்தனையாவது ஃபோலியோ என்று. டெலீட் என்பது இன்டெக்ஸில் ஒரு வரியை அடிப்பது. குவிக் ஃபார்மட் என்பது இன்டெக்ஸ் பக்கத்தையே கிழித்துவிட்டுப் புதிதாக ஒன்று ஒட்டுவது. உள்ளே ஃபோலியோக்கள் அப்படியே இருக்கின்றன. அந்த இடத்தின் காந்தப் பருக்கைகளை யாரும் தொடவே இல்லையே.

14 டிஸ்க்கில் ஒன்றின் சொந்தக்காரர், "என்னுடையதை எடுத்துப் பாருங்கள், ஒன்றும் இருக்காது" என்று தைரியமாகச் சொன்னார். அவரையும் பக்கத்தில் உட்காரவைத்து, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஒரு மீட்பு மென்பொருளை ஓட்டினோம். 2016ல் குவிக் ஃபார்மட் செய்த டிஸ்க். முக்கால் மணி நேரத்தில் வந்தவை: வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன், குடும்பத்தில் நான்கு பேரின் ஆதார், இரண்டு பான் கார்டு, அவர் கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையின் படம், மனைவியின் மருத்துவ அறிக்கை. கடைசியைப் பார்த்ததும் அவர் கம்ப்யூட்டரை மூடச் சொல்லிவிட்டார். அவர் அனுமதியோடுதான் இதை இங்கே சொல்கிறேன். அந்தக் கையெழுத்தும் பத்திரமும் ஒரே இடத்தில் கிடைத்தால் என்னென்ன செய்யலாம் என்று வங்கியில் இருந்தவனுக்கு விளக்க வேண்டியதில்லை.

அழிக்க என்ன வழி? வெளியே எவ்வளவு பெரிய காந்தம் வைத்தாலும் முடியாததை டிஸ்க்கின் சொந்த ஹெட் செய்துவிடும். அது கடுகளவும் இல்லை, ஆனால் தட்டிலிருந்து சில நானோமீட்டர் உயரத்தில் பறக்கிறது. அந்த நெருக்கத்தில் அது தருகிற புலம் தட்டின் பிடிவாதத்தை மீறிவிடும். ஆகவே டிஸ்க் வேலை செய்கிற நிலையில் இருந்தால், அதன் ஹெட்டைக் கொண்டே முழுத்தட்டிலும் பூஜ்யம் எழுதவைக்க வேண்டும். விண்டோஸில் ஃபார்மட் செய்யும்போது "குவிக் ஃபார்மட்" என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். விஸ்டாவுக்குப் பிறகு வந்த விண்டோஸ் எல்லாம் அப்போது முழுவதும் பூஜ்யம் எழுதும். டிஸ்க்கில் சி, டி என்று பிரித்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். 1 டிபி டிஸ்க்குக்கு மூன்று மணி நேரமாவது ஆகும். எந்த டிஸ்க்கைத் தேர்வு செய்திருக்கிறீர்கள் என்று இரண்டு முறை பாருங்கள். இதற்குப் பிறகு மீட்பு மென்பொருள் உதவாது.

35 தடவை எழுத வேண்டும் என்று உங்கள் பிள்ளைகள் யாராவது சொல்வார்கள். பீட்டர் கட்மன் என்பவர் 1996ல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது அது. அந்தக் காலத்தில் ஹெட் ஒவ்வொரு முறையும் அதே தடத்தில் துல்லியமாகப் போகாது. ஓரத்தில் பழைய காந்தம் கொஞ்சம் மிஞ்சும். அன்றிருந்த பலவித டிஸ்க்குகளுக்கெல்லாம் சேர்த்துப் போட்ட கணக்கு அது. இன்றைய டிஸ்க்குக்கு முழுவதும் ஒரு தடவை எழுதினால் பொதுவாகப் போதும் என்று அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் சொல்கிறது. ஒரே விதிவிலக்கு, கெட்டுப்போனது என்று டிஸ்க் தானே ஒதுக்கிவைத்த இடங்கள். அங்கே ஹெட் திரும்ப எழுதாது. சங்கத்தின் சிசிடிவி டிஸ்க்கை பூஜ்யம் எழுதிய பிறகு உடைத்தும்விடுவது என்று செயற்குழு முடிவு செய்திருப்பது இதனால்தான்.

பென் டிரைவும் எஸ்எஸ்டியும் இந்தக் கதைக்குள் வராது. அவற்றில் காந்தமே கிடையாது, மின்னூட்டத்தைச் சிறைப்பிடித்து வைக்கிறார்கள். டிகாஸரில் போட்டாலும் ஒன்றும் ஆகாது, மேலே எழுதினாலும் முழுக்க அழிந்தது என்று சொல்ல முடியாது. எஸ்எஸ்டி தயாரித்த நிறுவனமே தருகிற அழிப்பு மென்பொருளைப் பயன்படுத்துங்கள். பென் டிரைவ் என்றால் உள்ளே இருக்கும் சிப்பையே உடைத்துவிடுங்கள்.

வேலை செய்யாத டிஸ்க்குதான் பெரும்பாலும் பெட்டிக்கு வருகிறது. மோட்டார் ஓடவில்லை என்றாலும் தட்டு எதையும் மறக்கவில்லை, நினைவிருக்கட்டும். அதை எரிக்காதீர்கள், புகை கெடுதல். பூ வேலைப்பாடு கொண்ட சின்ன ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் சங்க அலுவலகத்தில் வாங்கி வைத்திருக்கிறோம். மூடியைக் கழற்றித் தட்டை வெளியே எடுத்து உடைக்க வேண்டும். உங்கள் கண் முன்னால் உடைத்துத் தருகிறோம், தட்டு இல்லாத மிச்சம் பதிவு பெற்ற மறுசுழற்சியாளருக்குப் போகும். 2023 ஏப்ரலிலிருந்து அமலில் இருக்கும் மின்கழிவு விதிகளின்படியும் அங்கேதான் போக வேண்டும். இரண்டாவது, நான்காவது ஞாயிறு காலை 10 முதல் 12 வரை நானும் எலக்ட்ரீஷியன் தம்பியும் அங்கே இருப்போம். வீட்டிலேயே செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரிய கம்ப்யூட்டர் டிஸ்க்கின் தட்டு பெரும்பாலும் அலுமினியம், வளையும். லாப்டாப் டிஸ்க்கின் தட்டு பார்ப்பதற்கு அதே மாதிரி பளபளவென்று இருக்கும், ஆனால் அது பெரும்பாலும் கண்ணாடி. சுத்தியலால் அடித்தால் தூள்தூளாகத் தெறிக்கும். துணியில் சுற்றி, கண்ணாடி போட்டுக்கொண்டு, குழந்தைகளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அடியுங்கள்.